கருவாடு இல்லாமல் தேடு, சிக்னல்

பிப்ரவரி 10, 1936, திங்கள். பிரிக்பீல்ட்ஸ்

இன்று மூன்றாவது தடவையில் எங்கள் நாய் சிக்னல், என் வீட்டுக்காரரின் தோள்துண்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். முதல் தடவை என் செருப்பைக் கொண்டுவந்தான். இரண்டாம் தடவை அடுத்த வீட்டுச் செருப்பை. இன்னும் இரண்டு தடவை விட்டிருந்தால் செருப்புக்கடையே வைத்திருப்பேன்.

வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவர் வைத்த பெயர் சிக்னல். நாய்க்குப் பெயர் வைத்ததாவது நினைவிருக்கிறது அவருக்கு.

இந்த நோட்டும் அவருடையதுதான். ரயில் யார்டில் இருபத்தாறு வருஷம் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் மாற்றிவிடுகிற வேலை. தினமும் வந்து ஒரு வரி எழுதுவார். "டியூட்டி. மழை. ஈப்போ டிரெயின் லேட்." அவ்வளவுதான். மழையைப் பற்றி நூறு தடவை இருக்கிறது. பெண்டாட்டியைப் பற்றி ஒரு தடவைகூட இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஐப்பசியிலிருந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார், எழுத்து வரவில்லை. வெறும் தாளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. பிழை இருந்தால் நோட்டு பொறுத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 12, புதன்

எழுதி வைக்கிறேன். வீட்டில் ஒருவர் மறந்தால் போதும்.

அவர் இரண்டு தடவை காணாமல் போனார். முதல் தடவை தீபாவளி கழித்து. ஒரு மணி நேரத்தில் கிடைத்தார். இரண்டாம் தடவை போன மாதம். காலையில் போனவர் சாயங்காலம் வரைக்கும் இல்லை. போலீஸுக்கு ஓடினேன். அங்கிருந்த மலாய்க்காரர் நல்ல மனுஷன். பெயர் என்ன என்று கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்? தாலி ஏறிய நாள் முதல் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. "சிதம்பரத்துல ஒத்தக் கால்ல ஆடறாரே, அவரு பேரு" என்றேன். புரியவில்லை. காலைத் தூக்கிக் காட்டினேன். என் உடம்புக்கு அது லேசான வேலையா? அவர் பாவம், கால் ஊனமானவர் என்று எழுதிக்கொண்டார்.

அப்புறம் நாகையா வந்துதான் பெயரைச் சொன்னார். அவரோடு யார்டில் வேலை பார்த்தவர். கண்டுபிடித்ததும் நாகையாதான். பழைய பாயிண்டுக்குப் பக்கத்தில் நின்று, இல்லாத கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாராம். சிரித்துக்கொண்டே சொன்னார் நாகையா. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வேலை நின்றுவிட்டதால் மாதக் கடைசியில் இந்த ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கிள்ளானில் என் தம்பி வேலாயுதம் வீட்டுக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். நல்ல பிள்ளை. ஆனால் பயந்தவன். அவன் வீட்டுக்குப் பின்னால் ஆறு, முன்னால் ரயில்.

"அக்கா, மாமாவ நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. அங்க வந்து ஒரே ஒரு தடவ காணாமப் போனாலும் பின்னறையில விட்டுப் பூட்டிருவேன். ஆத்துல போயித் தேடிக்கிட்டு நிக்க என்னால ஆகாது லா."

"நாயக்கூட நான் கட்டிப் போட்டதில்லடா."

"அப்ப நாய விட்டே கண்டுபிடிச்சுக்க!"

கோபத்தில் சொன்னான். நான் மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

எண்ணெய்க் குளியல். எழுபது நாள் வெயிலில் கிடந்த மாங்காய் வற்றல் மாதிரி இருந்தவர் தேய்த்துக் குளித்ததும் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டேன். "எனக்கா?" என்றார். பயந்துபோய்.

இனி விளையாட்டில் ஆளே ஒளிய வேண்டும். அவருடைய தலையணை உறையைச் சிக்னலுக்கு மோந்து பார்க்கக் கொடுப்பேன். நல்லெண்ணெயும் மூக்குப்பொடியும் சேர்ந்த வாசம். கண்ணை மூடிக்கொண்டு நானே சொல்லிவிடுவேன். "தேடு!" என்றதும் போய் அவரைக் கண்டுபிடித்து, தோளில் இருக்கிற துண்டை உருவி என்னிடம் கொண்டுவர வேண்டும். "எங்கே?" என்று கேட்டால் என்னை அவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஒளிவதில் அவருக்கு ஒரே சந்தோஷம். கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். நாய் வருவதற்குக் கொஞ்சம் தாமதமானால், ஒளிந்திருப்பதையே மறந்துவிடுகிறார். "இங்க ஏன் நிக்கிறேன்?" என்று கேட்டுக்கொண்டு வெளியே வருகிறார்.

சிக்னல் வேகமாகப் படிப்பதற்கு ஒரு தந்திரம் செய்திருக்கிறேன். துண்டின் முடிச்சில் ஒரு துணுக்குக் கருவாடு. கொண்டுவந்ததும் அவிழ்த்துக் கொடுத்துவிடுவேன். இன்றைக்கு ஐந்துக்கு ஐந்து. நானும் ஒரு வாத்தியார்தான்.

பிப்ரவரி 19, புதன்

நாகையா வந்து பார்த்தார். சிக்னல் வீடு முழுக்க ஓடி, குளியலறையிலிருந்து துண்டைக் கொண்டுவந்தான். நான் மார்தட்டினேன்.

"வீட்டுக்குள்ள சரி மதினி. அண்ணன் காணாமப் போறது வீட்டுக்குள்ளயா?"

சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

பங்சார் ரப்பர் தோட்டத்து ஓரம் போனோம். பத்தே அடியில் ஒரு மரத்துக்குப் பின்னால் அவரை நிறுத்தினேன். வேட்டி வெளியே தெரிகிறது. "தேடு" என்றேன்.

சிக்னல் என்னைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். உட்கார்ந்து காதைச் சொறிந்தான். அந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை என்கிற மாதிரி.

காலி செய்ய ஒன்பது நாள் இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

வீட்டில் படித்ததெல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறான். புது இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. முதலில் துண்டைக் கண் முன்னால் போடு. அப்புறம் புல்லுக்குள். அப்புறம் மரத்துக்குப் பின்னால். அப்புறம்தான் ஆள். அவசரப்பட்டால் மறுபடி காதைச் சொறிகிறான்.

கருவாட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். பலன் இருக்கிறது.

பிப்ரவரி 26, புதன்

கோயில் பின்வாசலில் கண்டுபிடித்தான். சலவைக்காரர் கொடியில் இருபது வேட்டிக்கு நடுவில் கண்டுபிடித்தான். பாசார்ச் சந்தை ஓரத்தில்கூடக் கண்டுபிடித்தான். நாகையா கையைத் தட்டினார். "இது நாயில்ல மதினி, இன்ஸ்பெக்டரு!"

ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேன்.

மார்ச் 1, ஞாயிறு. கிள்ளான்

வந்துசேர்ந்தோம். ரயிலில் சிக்னலைக் கார்டு தன் பெட்டியில் ஏற்றிக்கொண்டார்; அந்த லைன் கார்டுகளுக்கெல்லாம் இவரைத் தெரியும். இவர்தான் யாரையும் தெரியாமல் எல்லாருக்கும் கையாட்டிக்கொண்டு வந்தார், ராஜா ஊர்வலம் போவது மாதிரி.

பின்னறையைப் பார்த்தேன். ஜன்னல் சின்னது. கதவில் புதுக் கொண்டி. பூட்டு இன்னும் இல்லை.

மார்ச் 4, புதன்

எழுத்து கோணினால் கோணட்டும்.

பாசாருக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் அவரை நிறுத்தினேன். புது ஊர் என்பதால் ரொம்பப் பக்கம்தான். வீட்டில் கருவாடு தீர்ந்துவிட்டது. துண்டு வெறும் துண்டு. இத்தனை தெரிந்த நாய்க்கு ஒரு தடவை இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன். உறையை மோந்தான். "தேடு!" அம்பு மாதிரி பாய்ந்தான். எனக்கு ஒரே பெருமை. நேராகக் கருவாட்டுக் கடைக்குள் பாய்ந்து, ஒரு முழ நீளத்துக்கு ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றான். பின்னாலேயே கடை முதலாளி, சீனத் தவுக்கே, விளக்குமாற்றோடு.

இத்தனை நாளும் அவன் இவரைத் தேடவே இல்லை. கருவாட்டைத்தான் தேடியிருக்கிறான்.

நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அடிப்பாவி, நான்தான்.

அந்தக் கலவரத்தில் இவர் அந்த இடத்தில் இல்லை. கால் நாழிகை தேடினேன்; ஜவுளிக்கடைக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தம்பிக்குச் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

கருவாடு நிறுத்தம். நாய்க்கு மட்டுமில்லை, வீட்டுக்கே. தம்பி தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "விரதம்" என்றேன்.

முதலிலிருந்து. முடிச்சில் ஒன்றும் இல்லை. துண்டைக் கொண்டுவந்தால் என் கையிலிருந்து ஒரு தேங்காய்ச் சில்லு, ஒரு கொஞ்சல். சிக்னல் தேங்காயை என்னமோ வரி கட்டுவது மாதிரித் தின்கிறான்.

மார்ச் 9, திங்கள்

அந்த ஜவுளிக்கடைக்காரர் பெயர் பீர் முகம்மது. நாகூர்ப் பக்கம். நாய் கிட்டே வந்தால் கைலியைத் தூக்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறிவிடுகிறார். ஆனால் விளையாட்டில் அவருக்கு என்னைவிட ஆசை. ஒரு நீளக் குச்சியில் துண்டை மாட்டிக்கொண்டு போய் ஒளித்து வைக்கிறார்.

"தங்கச்சி, அவன் மூக்க அந்தப் பக்கம் திருப்பிப் பிடி. ஈர மூக்கு பட்டா நான் ஏழு தடவ கழுவணும்."

"உங்க மூக்கா பாய், அவன் மூக்கா?"

"ரெண்டையும்தான் கழுவணும் போலிருக்கு, உன் வாயையும் சேத்து!"

இன்றைக்கு அவர் கடைக்குப் பின்னால் இரண்டு தடவை சரி. நாளைக்கு ஆற்றுப் பாலத்தடி.

மார்ச் 13, வெள்ளி

பாலத்தடியில் இரண்டு நாள் பிடித்தது. ஸ்டேஷன் வாசலில் இரண்டு நாள். ஒவ்வொரு இடமும் அவனுக்கு ஒரு புதுப் பள்ளிக்கூடம். ஊரில் எத்தனை இடம் இருக்கிறது? இவர் எங்கே போவார் என்று எனக்கு யார் சொல்வது?

மார்ச் 14, சனி

தம்பி பூட்டு வாங்கிவந்துவிட்டான். பின்னறைக்கு வெளியே ஆணியில் தொங்குகிறது. சாவி அவன் இடுப்பில்.

"சும்மா வாங்கி வெச்சேன் அக்கா."

சும்மா வாங்கினவன் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை?

மார்ச் 18, புதன்

காலையில் காபி கொடுத்தேன். மரியாதையாக எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். "நீங்க யாரு வீட்டு அம்மா?"

"பக்கத்து வீடு. கொஞ்சம் சீனி கடன் கேக்க வந்தேன்."

"எங்க வீட்டுல அவ வரட்டும், தரச் சொல்றேன். நல்ல மாதிரி. கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

உள்ளே போய்ச் சிரித்தேன். அப்புறம் கண்ணில் அடுப்புப் புகை.

இருபத்தாறு வருஷம் நோட்டில் எழுதாததை இன்று சொல்லிவிட்டார், யாரோ ஒருத்தியிடம்.

மார்ச் 20, வெள்ளி

லோரி நிறுத்துமிடம். நாலுக்கு மூன்று. கருவாட்டுக் கடை வழியாகக் கூட்டிப்போனேன். நின்றான், எச்சில் ஒழுகியது. "சிக்னல்" என்றேன். வந்துவிட்டான்.

மார்ச் 25, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்றுப் பகல் இரண்டு மணி. தம்பி வேலைக்குப் போயிருந்தான். நான் கிணற்றடியில் துணி அலசிவிட்டு வந்தேன். வாசல் கதவு திறந்திருக்கிறது. பாய் காலி. மழை தூறிக்கொண்டிருந்தது.

முதலில் ஆற்றைத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பார்க்கக் கூடாதென்று.

உறையை எடுத்து சிக்னலுக்குக் கொடுத்தேன். "தேடு" என்றேன். போனான். பீர் முகம்மது பாய் கடை வாசலில் நின்று, "இந்தப் பக்கம்தான் போனாரு தங்கச்சி, நான் சாப்பிடப் போறார்னு நெனச்சேன்!" என்று குடையோடு கூடவே ஓடிவந்தார். நாய்க்கும் அவருக்கும் நடுவில் ஒரு அடிகூட இல்லை. அவரும் கவனிக்கவில்லை.

ஸ்டேஷன். பிளாட்பாரத்து விளிம்பு வரைக்கும் போய் சிக்னல் நின்றுவிட்டான். தண்டவாளத்தைப் பார்த்து முனகினான். குனிந்து பார்த்தேன். கீழே ஒன்றும் இல்லை, கல்லும் மழையும்தான். போர்ட்டர் ஒருவர் வந்து, "தோள்ல துண்டு போட்ட பெரியவரா? துறைமுக டிரெயின்ல ஏறினாரே, டியூட்டிக்குப் போறேன்னு" என்றார்.

அடுத்த ரயில் முக்கால் மணி கழித்து. அந்த முக்கால் மணியை எழுத மாட்டேன். பாயும் கூடவே ரயில் ஏறினார்.

அந்தத் துறைமுகத்தில், போர்ட் சுவெட்டன்ஹாமில், நாங்கள் ஒரு நாளும் பயிற்சி செய்ததில்லை. தெரியாத மண், தெரியாத சத்தம், கப்பல் ஊதுகிறது. இறங்கியதும் என்ன வாசம் தெரியுமா? கருவாடு. மழைக்குப் பயந்து தட்டி தட்டியாகக் கருவாட்டை வாரிக் கொட்டகைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கே மூக்கு அடைத்தது. நாயின் மூக்கு என்ன ஆகும்?

உறையைக் கொடுத்தேன். "கருவாடு இல்ல சிக்னல். அவரு. அவரத் தேடுப்பா, என் ராசா இல்ல..." என்று என்னவெல்லாமோ உளறினேன். கொட்டகைப் பக்கம் போனான். நின்றான். ஒரு தட்டியை மோந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் அவன் அங்கே இல்லை. தாண்டிப் போயிருந்தான். மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, கொட்டகையைத் தாண்டி, சரக்குப் பெட்டிகள் நிற்கிற பக்கம்.

பெட்டிகளுக்கு நடுவில் என்னால் அவன் வேகத்துக்குப் போக முடியவில்லை. நின்று மூச்சு வாங்கினேன். திரும்பி வந்தான். வாயில் துண்டு.

அவருடைய துண்டு. முடிச்சில் ஒன்றும் இல்லை.

"எங்கே?" என்றேன். ஓடினான்.

நாலு லைனுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். தண்டவாளத்துக்கு நடுவில். ஒரு பாயிண்டுக்குப் பக்கத்தில் குனிந்து கையால் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். அதே லைனில், அவர் முதுகுப் பக்கமாக, பெட்டிகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறது எஞ்சின். எஞ்சின் கடைசியில். பெட்டிகள்தான் முன்னால். அதிலிருந்து யார் இவரைப் பார்ப்பார்கள்?

"ஏங்க!" என்று கத்தினேன். "ஏங்க! இந்தாங்க! வாங்க இங்க!"

திரும்பவில்லை. சிக்னல் ஓடிப்போய் வேட்டியைப் பிடித்து இழுத்தான். நாயைத் தட்டிவிட்டார். "ஏங்க!" யாரோ ஒரு பொம்பிள யாரையோ கூப்பிடறா. அவருக்கு என்ன? வீட்டிலும் அப்படித்தானே? நான் ஏங்க, தம்பி மாமா, நாகையா அண்ணே. அவர் பெயரை யார்டில்தானே சொன்னார்கள், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில். அங்கே ஓவர்சியர் கூப்பிடுவார், இவர் பதில் சொல்லுவார். இருபத்தாறு வருஷம்.

கூப்பிட்டேன். பெயர் சொல்லி. அடிவயிற்றிலிருந்து, ஓவர்சியர் மாதிரி.

"சார்!" என்றார்.

நிமிர்ந்து, கையை ஒட்ட வைத்துக்கொண்டு, கிடுகிடுவென்று லைனைத் தாண்டி என் எதிரே வந்து நின்றார். பெட்டிகள் அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் போயின. எண்ணினேன், ஏன் எண்ணினேன் தெரியாது. ஒன்பது.

"மூணாம் லைன் ரெடி சார்" என்றார் என்னிடம்.

"சரி. டியூட்டி முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

பாய்தான் ஒரு பெட்டியில் சாய்ந்துகொண்டு அழுதார். சிக்னல் போய் அவர் கையை நக்கினான். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 26, வியாழன்

தம்பிக்குத் தெரிந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

பூட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "ஒரே ஒரு தடவன்னு சொன்னேன் அக்கா."

"சொன்ன. நாய விட்டுக் கண்டுபிடிச்சுக்கன்னும் சொன்ன. கண்டுபிடிச்சாச்சு."

"அடுத்த தடவ?"

அந்த ஒன்பது பெட்டி கண்ணுக்குள் நிற்கிறது. அவன் பயப்படுவது தப்பா? தப்பில்லையே.

"அவரு பேரச் சொல்லிக் கூப்புடு" என்றேன் கடைசியில். "நீயே கூப்பிட்டுப் பாரு."

அக்கா புருஷனை எப்படிப் பெயர் சொல்லுவான்? தலையைக் குனிந்துகொண்டு, குரலே எழும்பாமல் கூப்பிட்டான்.

"சார்!" பின்னறையிலிருந்து எழுந்து வந்து அவன் முன்னால் விறைப்பாக நின்றார். தம்பிக்கு முகம் என்னவோ ஆகிவிட்டது. பூட்டோடு வெளியே போய்விட்டான். சாப்பிட வரவில்லை.

மார்ச் 27, வெள்ளி

விடிந்ததும் பின்னறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். திறந்தது.

ஏப்ரல் 13, திங்கள். சித்திரை ஒன்று

வருஷப் பிறப்பு. விரதம் முடிந்தது என்று அறிவித்துவிட்டேன். தம்பி பாசாரிலிருந்து கருவாடு வாங்கிவந்து ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான். சிக்னல் அதன் பக்கத்திலேயே படுத்துக்கிடக்கிறான். பெட்டிக்குப் பூட்டு போட்டிருக்கிறது. எந்தப் பூட்டு என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

வாசல் கதவில் ஒரு மணி கட்டியிருக்கிறான். காலையில் தானே பெரட்டு எடுக்கிறான். தினமும். முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டான், இப்போது ஓவர்சியரே தோற்றுப்போவார். அவர் வரிசையில் நிற்கிறார், நான் நிற்கிறேன், சிக்னல் நிற்கிறான். என் பெயரைக் கூப்பிட்டால் நானும் "சார்" சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன்.

மத்தியானம் பாயும் வந்தார். துறைமுகத்துக்கே போய் இரண்டு தடவை ஒளிந்து விளையாடினோம். லைனுக்கு வெகு தூரத்தில். இரண்டுக்கு இரண்டு.

இன்றைய வரியை அவர் எழுதுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிற அவர் பெயரைப் பார்த்து எழுத்துக்கூட்டிக்கொண்டேன்.

டியூட்டி. மழை இல்லை. சபாபதி ஆஜர்.